பிஷர் போட்ட பிறப்புக் கணக்கு

1930-இல் ரொனால்டு பிஷர் எனும் ஆங்கில அறிஞர், இயற்கைத் தேர்வின் மரபியல் கொள்கை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் முதல் ஏழு அத்தியாயங்கள் டார்வினின் கொள்கைக்குக் கணித வலிவு தந்தவை. அறிவியல் உலகம் இன்றும் போற்றுகிறது, நாமும் போற்றுவோம். இறுதி ஐந்து அத்தியாயங்களோ மனித சமுதாயத்தைப் பற்றியவை. அங்கேதான் கணித மேதை சறுக்குகிறார்.

அவர் வாதம் இது: திறமைமிக்க ஏழை மகன் தந்தையின் தொழிலைக் கடந்து மேலேறுகிறான். ஆனால் எளிதில் ஏறுபவன் சிறு குடும்பத்துப் பிள்ளை. அவன் சொத்தில் பங்கு கேட்க ஆள் குறைவு, படிப்புக்குத் தடை குறைவு. குறைவாகப் பெறும் இயல்பும் குருதியோடு கூடவே ஏறிவிடுகிறதாம்! மேல்தட்டில் திறமையும் மகப்பேற்றுக் குறைவும் கைகோக்கின்றன, தொட்டில்கள் வெறுமையாகின்றன, நாகரிகம் நலிகிறது.

சிறு குடும்பம் ஏற்றத்துக்கு ஏணி என்பது உண்மை. மறுப்பாரில்லை. ஆனால் அந்த உண்மையே அவர் முடிவைக் கவிழ்க்கிறதே! ஒத்த அறிவுடைய இருவரில், உடன்பிறந்தார் குறைந்தவன் ஏறினான், நிறைந்தவன் நின்றான் என்றால், நின்றவனிடம் குறைந்தது என்ன? அறிவா? இல்லை, புத்தகம் வாங்கக் காசு! அங்ஙனமாயின் அடித்தட்டில் அறிவு வற்றுகிறது என்று எவ்வாறு அஞ்சுவது?

அவர் பயன்படுத்திய 1911-ஆம் ஆண்டு ஆங்கிலக் குடிக்கணக்கையே புரட்டுவோம். சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் பிள்ளைகள் மிகுதி. நெசவாலைத் தொழிலாளர் வீடுகளில் குறைவு. இருவரும் கூலிகளே, பாட்டாளிகளே. பின் வேறுபாடு எங்கே? நெசவாலையில் பெண்ணும் வேலைக்குப் போனாள், கூலி பெற்றாள். சுரங்க ஊரிலோ அவளுக்கு அடுப்படியே கதி. குருதியா பேசுகிறது, கூலியா பேசுகிறது?

பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தும் விருப்பத்தைக்கூடப் பரம்பரைக் குணம் என்கிறார் பிஷர். தமிழ்நாட்டில் 2019-21 குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள்தாம். படித்தவள் வீட்டில் மட்டுமல்ல, படியாதவள் வீட்டிலும் பேறு குறைந்தது. பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே குருதி மாறிற்றா? பெரியார் கர்ப்பத்தடையைப் பெண்ணின் விடுதலைக்காகவே வலியுறுத்தினார். பிஷரின் கணக்கில் அந்தப் பெண்ணுக்கு இடமேயில்லை.

ஒன்று சொல்லவேண்டும். மகன் மேலேறுவதைப் பிஷர் தடுக்கவில்லை. அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று 1953-இல் இராசகோபாலாச்சாரியார் விதித்தாரே, 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டதே, அத்தகைய திட்டம் எதுவும் அவரிடம் இல்லை.

அவர் தந்த மருந்து வேறு: பிள்ளைக்கு உதவித்தொகை, அதுவும் தந்தையின் வருமானத்துக்கு ஏற்ற அளவில்! அதாவது, பணக்காரன் பிள்ளைக்குப் பெருந்தொகை, சுரங்கக் கூலியின் பிள்ளைக்குச் சிறுதொகை.