வேதாளக் கதையும் இளம் வாசகரும்

சிறுவர்க்குரிய கதைகளிற் சாவும் கொடுமையும் இடம்பெறலாகாது என்னும் கருத்து நம்மிடையே பரவலாக உள்ளது. அதன் பொருத்தப்பாட்டை வேதாளக் கதைகளைக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

11ஆம் நூற்றாண்டிற் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் இக்கதைத்தொகுதி இடம்பெறுகின்றது. தமிழில் இது விக்கிரமாதித்தன் கதையோடு இணைந்து வழங்கிற்று. துறவியொருவனின் வேண்டுகோளுக்கிணங்கி அரசன் நள்ளிரவிற் சுடுகாடு சென்று பிணமொன்றைச் சுமக்கிறான். பிணத்துட் புகுந்த வேதாளம் கதை கூறி வினாத் தொடுக்கிறது. விடை தெரிந்தும் கூறாவிடின் தலை வெடிக்கும்; கூறினாலோ வேதாளம் மீண்டும் மரமேறும். கதைகளை ஒன்றோடொன்று பிணைப்பது இந்நெருக்கடியே. தந்தை ஒரு பெண்ணையும், அவன் மைந்தன் அவளுடைய தாயையும் மணந்தால், பிறக்கும் பிள்ளைகளுக்கு என்ன உறவு? 24ஆவது கதையின் இவ்வினாவுக்கு அரசனிடம் விடையில்லை, மௌனமாக நடக்கிறான். அதன் பின்னரே துறவியின் வஞ்சகம் வெளிப்படுகிறது. துறவி அரசன் வாளுக்கு இரையாகிறான். இவ்விறுதியே 25ஆவது கதை.

1947இல் தோன்றி, பின்னாளில் நின்றுபோன அம்புலிமாமா, வேதாளத்தை இளையோரிடம் கொண்டுசென்றது. பிணத்தைத் தோளிற் சுமந்த விக்கிரமனை ஓவியர் சங்கர் வரைந்த சித்திரம் பலர் நினைவில் நிலைத்துள்ளது. ஆயின், அக்கட்டுக்கோப்பினுட் புதுக்கதைகள் தொடர்ந்து புகுத்தப்பட்டமையால் வேதாளம் மாதந்தோறும் முருங்கைமரம் ஏறிற்று. அரசனின் மௌனம் வரவேயில்லை. பிணம் யாருக்காகச் சுமக்கப்பட்டது என்பதை அறியாமலே வாசகர் வளர்ந்தனர். இருள் எஞ்சியது, அதனைக் கடக்கும் வழி விடுபட்டது. இதனையே நாம் குறையெனக் கருதுகின்றோம்.

கொடுமை நம் சிறார்க்குப் புதிதன்று. மாற்றாந்தாயாற் கைகள் வெட்டப்பட்ட ஞானசவுந்தரியின் கதை கத்தோலிக்கக் கூத்து மரபில் நெடுங்காலம் ஆடப்பட்டது. கிரிம் சகோதரரின் தொகுப்பிலும் கையிழந்த பெண்ணின் கதை உண்டு. இரண்டிலும் இழந்த கைகள் இறுதியில் மீள்கின்றன. நறுவிலிக்குளம் போன்ற மன்னார்ப் பகுதி ஊர்களில் இன்று வளரும் பிள்ளைகள், 2009இல் முடிந்த போரின் கதைகளை வீட்டிலேயே கேட்பவர்கள். 2013இல் திருக்கேதீச்சரத்தருகிலும் 2018இல் மன்னார் நகரிலும் நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அவை யாருடையவை, எக்காலத்தவை என்னும் வினாக்கள் சிறார் காதிலும் விழுவனவே. இறந்தோர் வினவுவதும், அறிந்தவன் வாய்மூடியிருத்தல் குற்றமாவதும் இப்பிள்ளைகளுக்கு வெறுங்கற்பனையாகா.

எல்லா வேதாளக் கதைகளும் உள்ளவாறே இளையோர்க்கு ஏற்றவை என்பது நம் வாதமன்று. பெண்களை இழித்துரைப்பன சில உள. அவற்றைத் தெரிந்து நீக்கலாம். ஆனால் சுடுகாட்டையும் வினாவையும் இறுதி மௌனத்தையும் நீக்கலாகாது. இருளினுட் பிள்ளையை அழைத்துச் செல்லும் கதை, அவனை மறுகரை சேர்க்கவும் கடமைப்பட்டது. முழுமையான வேதாளக் கதையை இளையோர்க்கெனச் செம்மையாகப் பதிப்பித்தல் நம் பதிப்பாளரின் பணியாகும்.