ஆசிரியன் குரலும் பாட்டின் நிலைபேறும்

ஆசிரியனே பாடும் சிற்றவையில் அவன் குரலையும் பாட்டையும் பிரித்தறிதல் அரிது. புதுவையில் (1908–1918) பாரதியார் தம் பாடல்களை நண்பர் நடுவே தாமே பாடியதும் அத்தகையதே. ஆயின், வேணு நாயக்கர் திருமண விருந்தின்பின் நிகழ்ந்தது வேறு. எதிரே இருப்பவர் பாரதியார் என்றறியாமலே கனகசுப்புரத்தினம் என்னும் இளைஞர், பின்னாளைப் பாரதிதாசனார், அவர் பாடலைப் பாடினார். ஆசிரியர் கேட்போருள் ஒருவராயினார். ஆசிரியன் குரல் இன்றியும் பாட்டு நிற்கும் என்பது ஈண்டுப் புலனாம்.

அங்ஙனம் பிறர் வாயிலும் நிற்றற்குச் சொல் மட்டும் போதாது, பண்ணும் வேண்டும். பாரதியார் பல பாடல்களுக்கு இராகமும் தாளமும் குறித்தமை அதுபற்றியே போலும். அக்குறிப்பை நீக்கி அச்சிடும் பதிப்பு பாட்டின் பாதியையே தரும். யாப்பை ஆராய்வோர் பண்ணையும் ஆராய்தல் கடன்.