லிப்டன் கிண்ணத்து ஊர்

இங்கிலாந்தின் சின்னக் கால்பந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. வாஸ் கிண்ணம் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே விட்லி பே அணியின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். சாய்வதில் தப்பில்லை. 2009, 2010, 2011 என்று வரிசையாக மூன்று கிண்ணம். மூன்று இறுதிப்போட்டியிலும் பால் சௌவின் கோல் உண்டு. ராக்ஸமுக்கு எதிராக அவர் அடித்தது ஆட்டம் தொடங்கி அரை நிமிஷம் ஆவதற்குள். அந்த 6–1ஐ நானும் ரசித்தவன்தான். ஆனாலும் வெஸ்ட் ஓக்லண்டின் ஒரு தோல்விக்கு ஈடாக அந்த மூன்று வெற்றியையும் கொடுத்துவிடுவேன்.

வெம்பிளிக்கு மூன்று தடவை போய் மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பிய ஊர் அது. 1961இல், வாஸுக்கு முந்திய அமெச்சூர் கிண்ணத்தில், வால்தம்ஸ்டோ அவென்யூவிடம் 1–2. 2014இல் சோலிங்கிடம் ஒரே ஒரு கோலில். நடுவே 2012இல் டன்ஸ்டனிடம் 0–2. இரண்டையும் போட்டது ஆண்ட்ரூ புல்ஃபோர்ட். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆரம்பச் சுற்றுகளைப் பிரதேசவாரியாகக் குலுக்கிப் போடுவதால், வடகிழக்கு ஊர்கள் ஒன்றையொன்று குளிர்காலத்திலேயே வெட்டிச் சாய்த்துக்கொள்வது வழக்கம். அந்த வருஷம் இரண்டு தப்பிப் பிழைத்தன. ஒரே நோர்தர்ன் லீக்கில் ஆடுகிற இரண்டு அணிகள், தங்கள் பக்கத்து மைதானம் ஒன்றில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கை லண்டன் வரை தூக்கிக்கொண்டு போய்த் தீர்த்தன. வந்திருந்த சனம் ஐயாயிரத்துச் சொச்சம். அந்தப் பெரிய கிண்ணிக்குள் மீதியெல்லாம் காலி நாற்காலி. அதைப் பரிதாபம் என்றார்கள் பத்திரிகைக்காரர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்தவர் ஒவ்வொருவரும் ஆடுகிறவனின் அப்பனையும் தெரிந்து வைத்திருக்கும் இறுதிப்போட்டி வேறு எங்கே கிடைக்கும்?

வெஸ்ட் ஓக்லண்ட் மேல் எனக்குள்ள பித்துக்கு வேறொரு காரணமும் உண்டு. டூரினில் தோமஸ் லிப்டன் வைத்த கிண்ணத்தை 1909இல் இந்த நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள் வென்றார்கள். இறுதியில் விண்டர்தூரை 2–0. மறுபடி 1911இல் போய் யுவென்டஸை 6–1. எந்த லிப்டன் என்று நம் மலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அப்புத்தளைக்கு மேலே அவர் உட்கார்ந்து பார்த்த இடத்தை இன்றைக்கும் ‘லிப்டன் சீட்’ என்றுதான் சொல்கிறோம். டம்பதென்ன தொழிற்சாலையும் கீழே நிற்கிறது. அந்த வெள்ளியில் எங்கள் சனத்தின் கொழுந்துக் காசும் கொஞ்சம் உருகியிருக்கும் என்று நானாக எண்ணிக்கொள்வதுண்டு. லயத்தில் இருந்தவர்கள் பறித்ததில் வந்த கிண்ணத்தைச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் தூக்கிக்கொண்டு போனதில் எனக்கு மனக்குறை இல்லை.

‘டபிள்யூ.ஏ.’ என்ற எழுத்தைப் பார்த்து வூல்விச் ஆர்சனலுக்குப் போட்ட டூரின் அழைப்பு தவறி வெஸ்ட் ஓக்லண்டுக்கு வந்துவிட்டது என்று ஒரு கதை உலவுகிறது. ஆர்சனல் ரசிகர்கள் இதை விரும்பிச் சொல்வார்கள். ஒரு தடவை தவறி வந்ததாகவே வைத்துக்கொள்வோம், 1911இலுமா தவறியது?

பயணச் செலவு கழகத்தைக் கடனில் தள்ள, கிண்ணத்தை ஹோட்டல்கார அம்மா ஒருவரிடம் 40 பவுணுக்கு அடகு வைத்தார்கள். மீட்டது 1960இல், 100 பவுண் கொடுத்து. 1994இல் அதைத் திருடன் கொண்டுபோனான். இப்போது இருப்பது அதே அச்சில் செய்த நகல். அடகு, மீட்பு, களவு: எந்தக் குடும்பத்துத் தாலிக்கொடிக்கும் நடக்கிறதுதான்.

வாஸின் ருசி மே மாதத்தில் இல்லை, பெப்ரவரியில் இருக்கிறது. கயிறு போல ஒரு கம்பிவேலி. அதில் சாய்ந்தால் எல்லைக்கோட்டு நடுவர் மூச்சு வாங்குவது காதில் விழும். ஒரு பவுணுக்குக் கோல்டன் கோல் சீட்டு வாங்கி மடிப்பைப் பிரித்தால் உள்ளே ஒரு நிமிஷக் கணக்கு. முதல் கோல் அந்த நிமிஷத்தில் விழுந்தால் பரிசு. எனக்கு எப்போதும் எண்பதுக்கு மேலேதான் வரும், ஆகவே முதல் கோல் விழும்வரை இரண்டு பக்கத்துப் பின்வரிசைக்கும் நான்தான் பரம விசிறி. தேநீர் மட்டும் கொடுமை. லிப்டன் பேர் சொல்லிப் பெருமைப்படும் நாட்டில், பையை நனைத்து எடுத்த வெந்நீரைத் தேநீர் என்று விற்கிறார்கள்.

இப்போது எல்லாவற்றையும் சுருக்கிவிட்டார்கள். சமநிலை என்றால் செவ்வாய்க்கிழமை இரவு எதிராளி ஊரில் மறு ஆட்டம் என்றிருந்தது. இன்று நேரே பெனால்டி. அரையிறுதி இரண்டு ஆட்டமாக இருந்ததும் போயிற்று. அந்த இரண்டாவது ஆட்டத்துக்காகவே வருஷம் முழுக்கக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். 2016 முதல் வாஸ் இறுதிப்போட்டியை, ஒரு படி மேலே உள்ள கழகங்களுக்கான எஃப்.ஏ. ட்ரோஃபியின் இறுதிப்போட்டியோடு ஒரே நாளில் ஒட்டிவிட்டார்கள். கூட்டம் பெருகியது உண்மை. ஆனால் மத்தியானமே வாஸை முடித்துவிடுவதால், பாதிப் பேர் வந்து உட்காரும்போது கிண்ணம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

சவுத் ஷீல்ட்ஸ் 2017இல் கிளீத்தோர்ப்ஸை 4–0 என்று துவைத்ததைச் சிலர் தரம் உயர்ந்ததற்கு அடையாளமாகக் காட்டுவார்கள். சண்டர்லாந்துக்கும் மிடில்ஸ்பரோவுக்கும் ஆடிய ஹூலியோ அர்கா நடுவில் நின்று பந்தைப் பங்கிட்டால் தரம் உயரத்தானே செய்யும்! அழகான ஆட்டக்காரர், மறுக்கவில்லை. அவர் காலைப் பார்க்க வேண்டுமென்றால் பிரீமியர் லீக் பழைய ஒளிப்பதிவு போதும். சனிக்கிழமை காலை வேலை முடித்து, சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து இறங்குகிறவனின் முதல் தொடுகை கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். அந்தக் கனத்தைப் பார்க்கத்தான் நான் காசு கொடுக்கிறேன்.