முதல் தலைமுறை ஸ்விஃப்ட்: முதலில் ரிப்பேர், அப்புறம் மாடிஃபிகேஷன்

2005 மே மாதம் மாருதி ஸ்விஃப்ட் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, சின்ன காரிலும் ஓட்டும் சுகம் உண்டு என்பது நடுத்தரக் குடும்பங்களுக்குத் தெரிந்தது. 1,298 சிசி பெட்ரோல் இன்ஜின், 87 பிஎஸ் திறன், ஏறக்குறைய 1 டன் எடை. பழைய கார் சந்தையில் இன்றும் இளைஞர்கள் தேடுவது இதைத்தான். வாங்கிய கையோடு எக்ஸாஸ்ட் மாற்ற ஓடுகிறார்கள். என் அனுபவத்தில், பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுவல்ல.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 113 என்எம் இழுவிசை முழுதாகக் கிடைப்பது 4,500 ஆர்பிஎம்மில். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவது கியரிலேயே சமாளிக்கப் பார்த்தால் திணறும். இரண்டாவதுக்கு இறக்கி மிதித்தால் உற்சாகமாக ஏறும். எடை குறைவு என்பதால் வளைவில் திருப்பிய திசைக்குச் சட்டென்று வரும். இதுதான் இந்தக் காரின் உயிர்.

ஆனால் வயதான ரப்பர் அந்த உயிரை உறிஞ்சிவிடும். ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று கேட்டால் காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். லோயர் ஆர்ம் புஷ் பக்கத்தில் லீவரைக் கொடுத்து நெம்பினால், ரப்பர் வெடித்திருக்கும் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடுவது கண்ணுக்கே தெரியும். பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்க இதுவும் ஒரு காரணம். இதைக் கவனிக்காமல் அலைன்மென்ட் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தால் பணம்தான் வீண். என் காரில் புஷ், லிங்க் ராடு, ஷாக் அப்சர்பர், இன்ஜின் மவுண்ட் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கிறது. இன்ஜின் திறன் துளியும் கூடவில்லை, ஓட்டும் சுகம் பல மடங்கு கூடியது.

1.3 பெட்ரோல் இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்று விற்பவருக்குத் தெரியாவிட்டால், வாங்கியதும் மாற்றிவிடுங்கள். 2010இல் வந்த 1.2 கே சீரீஸ் இன்ஜினில் செயின் என்பதால் இந்தக் கவலை இல்லை.

அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிவரை இறங்கலாம். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு போல அமுங்கிப்போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது உயிர் காக்கும் செலவு.

இவை முடிந்தபின் ஆசைக்கு ஒரு மாற்றம் செய்யலாம் என்றால், டயர்தான் என் தேர்வு. 185/70 ஆர்14 டயருக்கும் 195/60 ஆர்15 டயருக்கும் மொத்த விட்டம் ஏறத்தாழ ஒன்றே, 615 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பக்கச்சுவர் உயரம் சுமார் 12 மில்லிமீட்டர் குறைவதால் வளைவில் டயர் நெளிவது குறையும். பள்ளங்களில் குலுக்கல் சற்றுக் கூடும். மாற்றியதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

காதைப் பிளக்கும் சைலன்சரும், ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவதும் வேண்டாம். டர்போ இல்லாத இந்த இன்ஜினில் சத்தம் கூடும் அளவுக்குத் திறன் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52இன்படி, தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. 15 ஆண்டு கடந்த காருக்கு ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது அசல் நிலையில் இருப்பதே நல்லது.

குறைகளும் உண்டு. பின்இருக்கை நெருக்கம், டிக்கி சிறியது. எல்எக்ஸ்ஐ வகையில் ஏர்பேக்கோ ஏபிஎஸ்ஸோ கிடையாது. வீட்டில் இது ஒன்றே கார் என்றால், இரண்டும் உள்ள வகையைத் தேடி வாங்குங்கள்.

பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கின்றன, வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். கார் விலைக்கு மேல் ரிப்பேருக்கென்று ஒரு தொகையை ஒதுக்க முடிந்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். அந்தத் தொகையையும் சேர்த்து விலையாகக் கொடுத்துவிடும் நிலை என்றால், இன்னும் சில மாதம் சேமித்துவிட்டு வாங்குங்கள்.