எந்தத் திசையில் அளந்தீர்கள்?

ஒரு தொடர் லேசர், லென்ஸ், சிறு துளை, டிடெக்டர் இருந்தால் போதும். ஒளிச்செறிவுக்கேற்பப் படிகத்தின் ஒளிவிலகல் எண் மாறும் நேரிலா விளைவை அளக்கும் இசட்-ஸ்கேன் எடுத்து ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் சேர்த்துவிடலாம். நம் படிக வளர்ப்பு ஆய்வுகளில் இந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. "வசதியில்லாத கல்லூரி வேறென்ன செய்யும்?" என்று இதற்கு வக்காலத்தும் வாங்குகிறார்கள். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

1990-இல் ஷேக்-பஹாயி குழுவினர் விரிவாக விளக்கிய அந்த முறை எளியது, நுட்பமானது. வட சென்னையின் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாக ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளின் உழைப்பும் பெரிது. கன்டெய்னர் லாரி போனாலே அதிரும் திருவொற்றியூர் ஹை ரோட்டை ஒட்டி, துளையிட்ட தாளால் மூடிய பீக்கரில் வாரக்கணக்கில் காத்திருந்து, விரல்நகம் அளவு தெளிந்த படிகம் எடுப்பது லேசில்லை.

அதை லேசர் முன் வைத்த பிறகுதான் கோளாறு. 5 மில்லிவாட் கற்றையை 20 மைக்ரான் ஆரத்துக்குக் குவித்தாலும் குவியத்தில் செறிவு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 800 வாட்தான். எலக்ட்ரான்களால் எழும் நேரிலா விளைவு இதில் தெரியவே தெரியாது. வரைபடத்தில் வரும் மேடும் பள்ளமும் படிகம் ஒளியை உறிஞ்சிச் சூடேறியதால் வந்தவை. அதைக்கொண்டு, கேடிபி (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) படிகத்தின் உண்மையான மதிப்பைவிடக் கோடிக்கணக்கான மடங்கு பெரிய எண்களை அச்சிடுகிறார்கள்.

என் நெடுநாள் ஆட்சேபம் இதனினும் அடிப்படையானது. கனசதுர வகை நீங்கலாக எல்லாப் படிகமும் இரட்டை ஒளிவிலகல் கொண்டது. ஒளியியல் அச்சுக்குச் சாய்வாகச் செல்லும் அசாதாரணக் கதிர் பக்கவாட்டில் ஒதுங்கும். பச்சை ஒளி உண்டாக்கும் கோணத்தில் வெட்டிய கேடிபியில் இந்த ஒதுக்கம் சுமார் 1.6 டிகிரி. 1 மில்லிமீட்டர் கனத்தைக் கடப்பதற்குள் கற்றை 28 மைக்ரான் நகர்ந்து, தன் ஆரத்தையே தாண்டிவிடும். குறுக்குத் தளங்கள் இரண்டிலும் குவியம் ஒரே ஆழத்தில் விழாது. சூடும் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவாது. சூத்திரமோ வட்டமான காஸியன் கற்றைக்கு எழுதியது! எந்த முகம், ஒளியின் தளவிளைவு எந்த அச்சுக்கு இணை என்ற ஒரு வரிகூட இல்லாத அட்டவணைகளை வாசித்து அலுத்துவிட்டேன். அவற்றை அளவீடு என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

1941-இல் ராமன், ராஜகோபாலன், நெடுங்காடி மூவரும் நாப்தலீன் படிகத்தில் கூம்பு ஒளிவிலகலை ஆராய்ந்தார்கள். அச்சைத் துல்லியமாகக் கண்டுபிடிக்காமல் அந்தச் சோதனையைத் தொடங்கவே முடியாது. லேசர் பிறக்க இன்னும் 19 ஆண்டுகள் இருந்த காலம் அது. வசதிக் குறைவைக் காரணம் காட்டுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். முகத்தை இனங்காண எக்ஸ்-கதிர்த் தரவும் ஒரு போலராய்டும் போதும். தரவு பெரும்பாலும் அதே ஆய்வேட்டின் முந்தைய அத்தியாயத்திலேயே இருக்கிறது.

வாய்மொழித் தேர்வுக்கு வரும் பேராசிரியர்களே, எந்த முகம், எந்தத் திசை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த அத்தியாயத்தை நீக்கச் சொல்லுங்கள். படிகம் வளர்த்த அத்தியாயத்துக்கே அந்தப் பிள்ளைக்குத் தாராளமாகப் பட்டம் கொடுக்கலாம்.