எக்காளங்களும் ஆண்டுக் கணக்கும்

வெளிப்படுத்தின விசேஷத்தின் முத்திரைகளையும் எக்காளங்களையும் கலசங்களையும் திருச்சபை வரலாற்றின் கட்டங்களாக வாசிக்கும் முறை பழையது. 1202இல் மறைந்த இத்தாலிய மடாதிபதி ஃபியோரே யோவாக்கிம் அதற்குப் பெரிய உந்துதல் தந்தார். சீர்திருத்தத்துக்குப் பின் புராட்டஸ்டண்ட் உலகில் நெடுங்காலம் அதுவே முதன்மையான வாசிப்பு. ஐசக் நியூட்டனும் அவ்வழியே சென்றவர். அவர் எழுதிய விளக்கம் அவர் இறந்தபின் 1733இல் வெளிவந்தது.

இம்முறையை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபையைச் சேர்ந்த ரிபேரா, தரிசனங்களின் பெரும்பகுதியை உலக முடிவை ஒட்டிய சில ஆண்டுகளுக்குரியதாக்கினார். அதே சபையின் அல்கசார் அவற்றில் பெரும்பாலானவை ஆதித் திருச்சபையின் காலத்திலேயே நிறைவேறின என்றார். இரண்டு வாசிப்பிலும் இடைப்பட்ட நூற்றாண்டுகளைப் பற்றி யோவானுக்குச் சொல்ல அதிகமில்லை. வரலாற்று வாசிப்போ அந்த நூற்றாண்டுகளையும் தேவனுடைய பார்வைக்குள் வைத்தது. விசுவாசத்துக்காகச் சிறைப்பட்டவர்கள் தங்கள் பாடுகளுக்கும் வேதத்தில் இடமுண்டு என்று நம்ப அது உதவியது. கிறிஸ்துவின் பெயரைச் சொல்லும் அதிகாரமே பரிசுத்தவான்களின் இரத்தத்தைச் சிந்தக்கூடும் என்று துணிந்து சொன்னதும் இந்த வாசிப்புதான். அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

சிக்கல், அடையாளம் கணக்காக மாறும் இடத்தில் தொடங்குகிறது. ஒரு நாளை ஓர் ஆண்டாகக் கொள்வதற்கு எண்ணாகமம் 14:34ஐயும் எசேக்கியேல் 4:6ஐயும் காட்டுவார்கள். அவ்விரு இடங்களிலும் வசனமே அப்படிக் கணக்கிடச் சொல்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் அப்படி எங்கும் சொல்லவில்லை. அந்நூல் சொல்லும் 1260 நாட்களை 1260 ஆண்டுகளாக்கிய பின்னும் தொடக்க ஆண்டை வேதம் தராததால், விளக்குபவரே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. 533 என்றால் முடிவு 1793, பிரெஞ்சுப் புரட்சியின் உச்சம். 538 என்றால் 1798, பிரெஞ்சுப் படை போப்பு ஆறாம் பத்திநாதரைச் சிறைபிடித்த ஆண்டு. 606 என்றால் 1866. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். முடிவை முதலில் பார்த்துவிட்டுத் தொடக்கத்தைத் தேடினால் ஏதோ ஓர் ஆண்டு பொருந்தத்தான் செய்யும்.

அமெரிக்கப் போதகர் ஜோசையா லிட்ச் முன்கூட்டியே நாள் குறித்தவர். அந்த நேர்மைக்காகவே அவரைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒட்டோமான் எழுச்சி 1299 ஜூலை 27இல் தொடங்கியது என்று கொண்டு, ஐந்தாம் எக்காளத்தின் ஐந்து மாதங்களை 150 ஆண்டுகளாகவும் ஆறாம் எக்காளத்தின் காலத்தை 391 ஆண்டு 15 நாளாகவும் கூட்டினார். விடை 1840 ஆகஸ்ட் 11. அன்று ஒட்டோமான் அதிகாரம் முடிவுக்கு வரும் என்றார். அந்த நாட்களில் சுல்தான் ஐரோப்பிய வல்லரசுகளின் துணையை ஏற்றிருந்தார். தீர்க்கதரிசனம் நிறைவேறியது என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் சுல்தான்களின் ஆட்சி 1922 வரை நீடித்தது. கணக்கின் அடித்தளமும் உறுதியானதல்ல: லிட்ச் தொடக்கமாகக் கொண்ட சம்பவத்தை இன்றைய வரலாற்றாசிரியர்கள் பொதுவாக 1302இல் வைக்கிறார்கள். அவர் நம்பியது வரலாற்றாசிரியர் கிப்பன் தந்த ஆண்டை. 1840 தந்த உற்சாகம் வில்லியம் மில்லரின் இயக்கத்தை வளர்த்தது. கர்த்தரின் வருகைக்கென்று அவ்வியக்கத்தார் காத்திருந்த 1844 அக்டோபர் 22 வெறுமையாகக் கழிந்தபோது ஆயிரக்கணக்கானோர் மனமுடைந்தார்கள். நம்பிக்கையோடு விளையாடும் கணக்குக்கு விலை கொடுப்பவர்கள் எளிய விசுவாசிகளே.

இதைவிடப் பெரிய குறையும் உண்டு. இந்த வரைபடத்தின் நடுவில் எப்போதும் மேற்கு ஐரோப்பாவே இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் இரண்டாம் ஷாப்பூரின் காலத்தில் பாரசீகத் திருச்சபை கொடிய உபத்திரவம் அடைந்தது. அதற்கு முத்திரை எது? ஆர்மீனிய, எத்தியோப்பிய சபைகளுக்கும் கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களுக்கும் அந்த 1260 ஆண்டுகளில் இடமெங்கே? எல்லாத் தேசத்தாரும் சிங்காசனத்துக்கு முன் நிற்பதைக் கண்ட யோவானின் நூலை ஒரு கண்டத்தின் அரசியல் வரலாறாகச் சுருக்குவது அந்நூலுக்குச் செய்யும் அநீதி.

ஆகவே அதிகாரத்தைச் சோதித்தறிய இம்முறையைக் கைக்கொள்ளலாம். ஆண்டு குறிக்க அதற்குத் தகுதியில்லை. உங்கள் சபையில் யாராவது இன்றைய போரையோ தலைவரையோ ஓர் எக்காளத்தோடு பொருத்திக் காட்டினால், எது நடந்தால் இந்தக் கணக்கு தவறென்று ஒப்புக்கொள்வீர்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.