நாணயமும் எழுத்தும்

எழுத்து உழைப்பு, உழைப்புக்கு ஊதியம் வேண்டும். இதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. 2014இல் பெங்களூரில் தோன்றிய பிரதிலிபி இணையத்தளம், பதிப்பாளர் வாசலில் காத்துக்கிடந்த பலருக்கு வாசகரைத் தேடித் தந்தது. மாத்தளைத் தோட்டத்து இளைஞனும் கைப்பேசியிலேயே அங்குக் கதை எழுதலாம். இது மறுக்கவொண்ணா நன்மை.

ஆனால், அங்கே பல தொடர்களின் அடுத்த அத்தியாயம் பூட்டியிருக்கிறது. வாசகர் நாணயம் செலுத்தித் திறக்கிறார். வார இதழ்த் தொடர்களின் பழைய நோய்தான். இன்று அது அத்தியாயந்தோறும் விலை கேட்கிறது. திகிலில் முடியாத அத்தியாயத்துக்கு அங்கே மதிப்பேது? லயத்துக் குடும்பத்தின் நாட்பட்ட துயருக்கு அத்தகைய முடிச்சுத்தான் ஏது?

1966இல் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழைத் தாமே சுமந்து விற்றார். அவரும் காசு வாங்கினார்; இதழுக்கு வாங்கினார், வாசகனின் தவிப்புக்கு அன்று. எழுதுவோரே, கூலியைக் கேளுங்கள். கதையின் கடிவாளத்தை விற்காதீர்கள்.